பூச்சியின் ஓடு எப்படிக் கெட்டியாகிறது?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, படிவம் இரண்டு மாணவன் ஒருவன் அறிவியல் கூடத்தின் வாசலில் எனக்காகக் காத்திருந்தான். அவன் கையில் மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு கரப்பான்பூச்சி. உடல் முழுக்கப் பால் வெள்ளை, கண்கள் மட்டும் கறுப்பு. "டீச்சர், இது புது இனம். எங்கள் வீட்டுக் குளியலறையில் பிடித்தேன்" என்றான். அவனுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

ஓய்வு நேரம் முடிந்ததும் வகுப்பில் எல்லாருக்கும் காட்டுவதற்காக டப்பாவைத் திறந்தான். உள்ளே இருந்தது சாதாரணப் பழுப்புக் கரப்பான். "புளுகுகிறான், டீச்சர். பூச்சியை மாற்றி வைத்துவிட்டான்" என்று நண்பர்கள் சிரித்தார்கள். அவன் முகம் வாடிவிட்டது.

அவன் பூச்சியை மாற்றவில்லை, பொய்யும் சொல்லவில்லை. காலையில் வெள்ளையாக இருந்த அதே பூச்சிதான் மூன்று நான்கு மணி நேரத்தில் பழுப்பாகிவிட்டது. பூச்சி உலகின் முக்கியமான ஒரு வேதிவினை அந்த டப்பாவுக்குள் நடந்து முடிந்திருந்தது. நம் வீட்டுக் கொசு, கறையான், அரிசி வண்டு, செம்பனைத் தோட்டத்துக் காண்டாமிருக வண்டு எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் வழிகளில் பல இந்த வினையோடும் இது நடக்கும் ஓட்டோடும் தொடர்புடையவை. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஓடு எதனால் ஆனது?

நமக்கு எலும்பு உடலுக்குள்ளே இருக்கிறது. பூச்சிக்கு அது வெளியே இருக்கிறது. இதைப் புறச்சட்டகம் என்பார்கள். பள்ளிப் பாடத்தில் 'ரங்கா லுவார்' என்று படித்திருப்பீர்கள். தசைகள் இந்த ஓட்டின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலையும் சிறகையும் அசைக்கின்றன.

ஓட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய ஓர் அடுக்கு. அதில் மெழுகு பூசியிருக்கும். உடலின் நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது இந்த மெழுகு. அதற்குக் கீழே கெட்டியான நடு அடுக்கு. அதற்கும் கீழே வளைந்து கொடுக்கும் மென்மையான அடுக்கு. இவை மூன்றையும் சுரப்பது அடியில் இருக்கும் ஒற்றை வரிசைத் தோல் செல்கள்.

கீழிரண்டு அடுக்குகளும் கைட்டின் என்ற பொருளாலும் புரதத்தாலும் ஆனவை. கைட்டின் என்பது சர்க்கரை போன்ற மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த சங்கிலி. செடிகளுக்குச் செல்லுலோசு எப்படியோ, பூச்சிகளுக்குக் கைட்டின் அப்படி.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். "ஓடு கெட்டியாக இருக்கக் காரணம் என்ன?" என்று கேட்டால், "கைட்டின்" என்று எழுதிவிடுகிறார்கள். தனியாக எடுத்த கைட்டின் வெண்மையானது, வளையக் கூடியது. அது சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி போன்றது. சிமெண்டு இறுகினால்தான் தூண் நிற்கும். பூச்சியின் உடலில் அந்தச் சிமெண்டு புரதம். அந்தப் புரதம் எப்படி இறுகுகிறது என்பதுதான் நம் கேள்வி.

சட்டை மாற்றும் நேரம்

கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் பூச்சி வளர முடியாது. ஆகவே அவ்வப்போது பழைய ஓட்டைக் கழற்றுகிறது. உயிரியல் பாடத்தில் பூச்சியின் வளர்ச்சி வரைபடம் படிக்கட்டு போல இருப்பதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு படியும் ஒரு தோலுரித்தல்.

முதலில் எக்டைசோன் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கூடுகிறது. இதை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மனியின் பூட்டெனான்டும் கார்ல்சனும். ஆண்டு 1954. அவர்கள் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களை எடுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். கிடைத்தது 25 மில்லிகிராம். ஒரு பூச்சிக்கு எவ்வளவு குறைந்த ஹார்மோன் போதும் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ஹார்மோனின் உத்தரவு வந்ததும் தோல் செல்கள் பழைய ஓட்டிலிருந்து பிரிகின்றன. அடியில் புதிய ஓட்டைச் சுரக்கத் தொடங்குகின்றன. அதே வேளையில் சில நொதிகள் பழைய ஓட்டின் உட்பகுதியைக் கரைக்கின்றன. கரைந்த பொருளைப் பூச்சி மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் மெலிந்துபோன பழைய ஓடு முதுகில் வெடிக்க, பூச்சி வெளியே வருகிறது.

அப்போது புதிய ஓடு மென்மையாக, சுருங்கி, வெள்ளையாக இருக்கும். பூச்சி காற்றையோ நீரையோ விழுங்கி உடலை உப்பச் செய்கிறது. ஓடு விரிகிறது. விரிந்த அளவில் அது இறுக வேண்டும். நம் மாணவன் பிடித்த வெள்ளைக் கரப்பான் இந்தக் கட்டத்தில்தான் இருந்தது. அந்நேரம் அதனால் வேகமாக ஓட முடியாது, கடிக்க முடியாது. எறும்புகூட அதை இழுத்துப் போய்விடும். பூச்சியின் வாழ்வில் ஆபத்து மிகுந்த மணி நேரங்கள் இவை.

வாழைக்காய் கறுப்பதும் வண்டு கறுப்பதும்

அம்மா வாழைக்காய் நறுக்கும்போது கவனித்திருப்பீர்கள். தண்ணீரில் போடாமல் விட்டால் சற்று நேரத்தில் துண்டுகள் கறுத்துவிடும். வாழைக்காயில் உள்ள ஒருவகைப் பொருள் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு நொதியின் உதவியால் வினைபுரிந்து குயினோன் என்ற பொருளாகிறது. அதிலிருந்துதான் அந்தக் கறுப்பு நிறம் வருகிறது.

பூச்சியின் ஓட்டிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. படிகளை வரிசையாகப் பாருங்கள்.

1. உணவில் கிடைக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம் தொடக்கப் பொருள்.

2. நொதிகள் அதை டோப்பாவாகவும், பிறகு டோபமைனாகவும் மாற்றுகின்றன. நம் மூளையில் செய்தி கடத்தும் அதே டோபமைன்தான்.

3. டோபமைனோடு ஒரு சிறு மூலக்கூறு ஒட்டிக்கொள்ள, அது புதிய ஓட்டுக்குள் அனுப்பப்படுகிறது.

4. ஓட்டில் காத்திருக்கும் லாக்கேஸ் என்ற நொதி, ஆக்சிஜனைக் கொண்டு அதைக் குயினோனாக மாற்றுகிறது.

5. குயினோன்கள் பக்கத்துப் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. இடையில் இருந்த நீர் வெளியேறுகிறது. ஓடு இறுகிக் கறுக்கிறது.

தோல் பதனிடுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டில் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். பட்டையில் உள்ள பொருள் தோலின் புரதங்களைப் பிணைப்பதால் தோல் அழுகாமல் செருப்பாகவும் பையாகவும் உழைக்கிறது. 1940-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரையர் என்ற ஆய்வாளர் கரப்பானின் முட்டைப் பையை ஆராய்ந்து, அது குயினோனால் பதனிடப்படுகிறது என்று காட்டினார். அதனால்தான் இந்த வினைக்கு இன்றும் 'பதனிடுதல்' என்ற பெயர் வழங்குகிறது.

லாக்கேஸ் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? 2005-இல் அமெரிக்காவின் கன்சாஸில் இதைச் சோதித்தார்கள். அந்தக் குழுவில் பேராசிரியர் முத்துக்கிருஷ்ணன் என்பவரும் ஒருவர். கோதுமை மாவில் வரும் சிவப்பு வண்டில் லாக்கேஸ் உருவாக்கும் ஒரு மரபணுவை மட்டும் செயல்படாமல் செய்தார்கள். வண்டுகள் வெள்ளையாகவும் மென்மையாகவும் இருந்து செத்தன. ஒரே ஒரு நொதி இல்லாததால் ஓடு இறுகவில்லை. ஓடு இறுகாததால் உயிர் நிற்கவில்லை.

'இப்போது இறுகு' என்று சொல்வது யார்?

ஓடு நேரம் தவறி இறுகினால் பூச்சிக்கு ஆபத்து. ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஈக்களின் கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும். கூட்டிலிருந்து வரும் ஈ மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். வழியிலேயே ஓடு இறுகிவிட்டால் சிறகு மடிந்தபடியே நின்றுவிடும். ஆகவே மண்ணை விட்டு வெளியே வந்த பிறகே இறுகும் வேலை தொடங்குகிறது.

1962-இல் ஃபிரென்கெல், சியாவ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை எளிய முறையில் சோதித்தார்கள். புதிதாக வெளிவந்த ஈயின் கழுத்தை மெல்லிய நூலால் கட்டினார்கள். தலையிலிருந்து வரும் செய்தி உடலுக்குப் போகவில்லை. உடல் வெள்ளையாகவே இருந்தது. பிறகு, கறுத்துக்கொண்டிருந்த வேறொரு ஈயின் இரத்தத்தில் ஒரு சொட்டை அதற்குள் செலுத்தினார்கள். உடல் கறுத்தது. இரத்தத்தில் ஒரு ஹார்மோன் இருக்கிறது என்பது உறுதியானது. அதற்குப் பர்சிகான் என்று பெயரிட்டார்கள். பதனிடுதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

தாத்தாவின் கம்பி

என் தாத்தா கேரித் தீவுப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். நான் சிறுமியாக இருந்தபோது அவர் ஒரு நீளமான கம்பியைக் காட்டுவார். அதன் நுனி தூண்டில் முள் போல வளைந்திருக்கும். தென்னையின் குருத்தில் ஓட்டை தெரிந்தால் கம்பியை உள்ளே விட்டுக் குடைந்து காண்டாமிருக வண்டை வெளியே இழுப்பாராம். "மருந்து அடித்தால் சாகாதா தாத்தா?" என்று கேட்டேன். "அது ஓட்டுக்கு மேலே வழிஞ்சு போயிடும்மா. கம்பிதான் சரி" என்றார்.

தாத்தா சொன்னதில் அறிவியல் இருக்கிறது. காண்டாமிருக வண்டு தென்னையையும் செம்பனையையும் தாக்குகிறது. முதிர்ந்த வண்டு குருத்துக்குள் துளைத்துச் சாற்றைக் குடிக்கிறது. பின்னால் விரியும் ஓலையில் கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டு தெரியும். குருத்தே செத்துவிட்டால் மரமும் போய்விடும்.

இந்த வண்டு முட்டையிடுவது மக்கிய மரத்திலும் சாணக் குவியலிலும். முட்டை பொரிய 8 முதல் 12 நாள் ஆகும். பிறகு பல மாதங்கள் புழுவாக மக்கிய மரத்துக்குள் வாழ்கிறது. அந்தப் புழுவை உற்றுப் பாருங்கள். தலை மட்டும் கெட்டியான பழுப்பு நிறம், உடல் முழுக்க மென்மையான வெள்ளை. மரத்தைக் கடிக்கத் தலையும் தாடையும் கெட்டியாக இருக்க வேண்டும். நாளுக்கு நாள் பெருக்கும் உடலுக்கு மென்மை வேண்டும். எந்த இடம் எவ்வளவு இறுக வேண்டும் என்று பூச்சியின் உடல் கணக்குப் பார்க்கிறது.

கூட்டுப்புழுவிலிருந்து மாறிய வண்டும் உடனே பறந்து வருவதில்லை. இரண்டு மூன்று வாரம் கூட்டுக்குள்ளேயே தங்கி, ஓடு நன்றாக இறுகிய பிறகுதான் வெளியே வருகிறது. நாம் பார்க்கும்போது அது கவசம் அணிந்த வீரன். அப்போது மருந்தடித்துப் பயன் குறைவு.

ஆகவே புழுப் பருவத்தில் பிடிக்க வேண்டும். மக்கிய மரத் துண்டுகளை அகற்றுவது முதல் வழி. மெட்டாரைசியம் என்ற பூஞ்சை இன்னொரு வழி. ரஷ்ய அறிவியலாளர் மெச்னிகோஃப் 1879-இலேயே பூச்சிகளுக்கு எதிராக இதைச் சோதித்தார். இதன் வித்து பூச்சியின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு முளைக்கிறது. முதலில் புரதத்தைக் கரைக்கும் நொதியையும், பிறகு கைட்டினைக் கரைக்கும் நொதியையும் சுரந்து ஓட்டைத் துளைக்கிறது. உள்ளே போய்ப் பெருகிப் பூச்சியைக் கொல்கிறது. செத்த புழுவின் மேல் பச்சைப் பொடி பூத்திருக்கும். மென்மையான புழுவின் ஓடு இதற்கு எளிது. முதிர்ந்த வண்டில் மூட்டுகளுக்கு இடையே உள்ள மெல்லிய தோலைத் தேடித்தான் நுழைய வேண்டும். பாங்கியில் உள்ள மலேசியச் செம்பனை வாரியம் இந்தப் பூஞ்சையைத் தோட்டங்களில் பயன்படுத்துவது பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

நம் நாட்டுக்குப் பெருமை தரும் இன்னொரு செய்தி. 1909-இல் இலங்கையிலிருந்து போன ரப்பர்க் கன்றுகளோடு இந்த வண்டு பசிபிக் தீவான சாமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தென்னைகளை அழித்தது. அதைக் கட்டுப்படுத்தும் வழி தேடி ஹூகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இங்கு வந்தார். 1963-இல் நம் மண்ணின் வண்டுப் புழுக்களில் ஒரு வைரசைக் கண்டுபிடித்தார். 1967-இல் அது சாமோவாவில் விடப்பட்டு, வண்டின் தொல்லை பெரிதும் குறைந்தது. அந்த வைரஸ் ஓட்டைத் துளைக்கவே இல்லை. வாய் வழியாகக் குடலுக்குள் போகிறது. கோட்டைச் சுவர் கெட்டியாக இருந்தால் வாசல் வழியே போவது போல.

ஓட்டைக் குறிவைக்கும் மருந்துகள்

பழைய பூச்சிமருந்துகளில் பெரும்பாலானவை நரம்பைத் தாக்குபவை. பூச்சிக்கும் நமக்கும் நரம்பு உண்டு. ஆகவே அவை மனிதருக்கும் தீங்கு செய்யக்கூடும். ஆனால் நம் உடலில் கைட்டின் ஓடு இல்லை. நாம் தோலுரிப்பதும் இல்லை. அதனால் ஓட்டைக் குறிவைக்கும் மருந்தைத் தேடினார்கள். முக்கியமான மூன்று வகைகளைப் பார்ப்போம்.

முதல் வகை, கைட்டின் உருவாவதைத் தடுப்பது. 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் களைக்கொல்லி தேடிக்கொண்டிருந்த வேதியியலாளர்கள் இரண்டு களைக்கொல்லிகளின் அமைப்பை இணைத்து ஒரு புதிய பொருள் செய்தார்கள். அது களையைக் கொல்லவில்லை. புழுக்களைக் கொன்றது. புழு தோலுரிக்கும்போது புதிய ஓட்டில் கைட்டின் இல்லாததால் உடல் வெடித்துச் செத்தது. அந்த ஆய்விலிருந்து வந்ததுதான் டைஃபுளுபென்சூரான். கம்பி இல்லாமல் சிமெண்டு மட்டும் ஊற்றிய தூண் என்னாகும்? அதுதான் அந்தப் புழுவுக்கும் நடக்கிறது.

கறையானுக்கு வைக்கும் இரை மருந்தும் இதே வகை. வேலைக்காரக் கறையான் இரையைத் தின்று புற்றுக்குக் கொண்டுபோய் மற்றவற்றுக்கும் ஊட்டுகிறது. மருந்து உடனே கொல்வதில்லை, தோலுரிக்கும் நேரம் வரை காத்திருக்கிறது. அதற்குள் கூட்டம் முழுவதும் பரவிவிடுகிறது. மெதுவாக வேலை செய்வதே இங்கு அதன் பலம்.

இரண்டாம் வகை, பருவம் மாறாமல் தடுப்பது. இளமை ஹார்மோன் என்று ஒன்று உண்டு. அது இருக்கும் வரை பூச்சி இளம்பருவத்திலேயே இருக்கும். 1960-களில் செக் நாட்டின் ஸ்லாமா என்ற ஆய்வாளர் தம் பூச்சிகளோடு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். அங்கே அவை முதிர்ச்சியடையவே இல்லை. காரணம் தேடிப் பார்த்தால், பூச்சிக் கூண்டில் விரித்திருந்த காகிதம். அந்தக் காகிதம் செய்த ஒருவகை ஊசியிலை மரத்தில் இளமை ஹார்மோன் போன்ற பொருள் இருந்தது. அமெரிக்க நாளிதழ்த் தாள்களிலும் அதே விளைவு. ஐரோப்பிய நாளிதழ்களில் அது இல்லை. மரம் பூச்சிகளிடமிருந்து தன்னைக் காக்க வைத்திருந்த ஆயுதம் அது. இன்று கொசுப் புழுவுக்குப் பயன்படும் பைரிபுராக்சிஃபென் இதே முறையில் வேலை செய்கிறது. குடிநீர்ப் பாத்திரத்தில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் அளவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டுள்ளது. புழு வளரும், ஆனால் பறக்கும் கொசுவாக மாறாது.

மூன்றாம் வகை, மெழுகை எடுத்துவிடுவது. சிலிக்காத் தூள் போன்ற நுண்ணிய பொடிகள் மெழுகை உறிஞ்சும் அல்லது சுரண்டும். பூச்சி காய்ந்து சாகும். இது நம் முன்னோருக்குத் தெரியாததா? தமிழ்நாட்டில் விதைத் துவரைக்குச் செம்மண் பூசி வைப்பார்கள். தானியத்தில் சாம்பல் கலந்து வைப்பார்கள். வண்டு வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

அரிசி வண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசியில் டைரோசின் அதிகம் இல்லை. பிறகு அந்த வண்டுக்குக் கறுத்த ஓடு எப்படி வந்தது? அதன் உடலுக்குள் வாழும் பாக்டீரியா அதற்குத் தேவையானதைத் தயாரித்துத் தருகிறது. வண்டின் ஓடு முழுவதும் இறுகி முடிந்ததும் பாக்டீரியா பெரும்பாலும் அழிக்கப்படுகிறது. வேலை முடிந்த விருந்தாளியை அனுப்பிவைப்பது போல. அந்தப் பாக்டீரியாவைத் தடுத்தால் வண்டின் ஓடு மெலியும் என்பதால் ஆய்வாளர்கள் இப்போது அதையும் கவனிக்கிறார்கள்.

நண்டுக்கும் அதே ஓடு

இதுவரை படித்ததும், "ஓட்டைத் தாக்கும் மருந்து மனிதருக்கு ஆபத்து குறைவு. அப்படியானால் எங்கும் ஊற்றலாமே" என்று தோன்றலாம். இங்கேதான் நாம், போர்ட் கிள்ளான் பிள்ளைகள், நின்று யோசிக்க வேண்டும்.

படகுத்துறையிலிருந்து பூலாவ் கெத்தாமுக்குப் போயிருப்பீர்கள். கெத்தாம் என்றால் நண்டு. நண்டுக்கும் இறாலுக்கும் கைட்டின் ஓடு உண்டு. அவையும் எக்டைசோன் வகை ஹார்மோனால் தோலுரிக்கின்றன. கெட்டியாக்கும் முறையில்தான் வேறுபாடு. நண்டு தன் ஓட்டில் சுண்ணாம்பைப் படியவைத்து இறுக்குகிறது. ஆனால் சுண்ணாம்பு படிவதற்குக் கைட்டின் சட்டம் முதலில் வேண்டும். கைட்டினைத் தடுக்கும் மருந்து கொசுப் புழுவையும் இறால் குஞ்சையும் வேறுபடுத்திப் பார்க்காது.

ஒருமுறை எங்கள் குடியிருப்பில் ஒருவர் மீதமான பூச்சிமருந்தை வீட்டுக்கு வெளியே உள்ள வடிகாலில் ஊற்றியதைப் பார்த்தேன். "கொசுவும் சாகட்டுமே டீச்சர்" என்றார் நல்லெண்ணத்தோடு. அந்த வடிகால் எங்கே போகிறது? சிற்றோடைக்கு, பிறகு கிள்ளான் ஆற்றுக்கு, பிறகு சதுப்பு நிலக் காட்டுக்கு. கடைசியில் நண்டின் வீட்டுக்கு. மீன்பிடித்து வாழும் குடும்பங்களின் சோறும் அங்கேதான் இருக்கிறது. அன்று அவரிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை அவர் டப்பாவில் எழுதியிருந்த அளவைப் படித்தார், மீதத்தை மூடி வைத்தார். அறிவியல் படிப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று.

பூச்சியும் சும்மா இருப்பதில்லை

மேலே தெளிக்கும் மருந்து எதுவானாலும் ஓட்டைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். ஆப்பிரிக்காவின் மலேரியா கொசுக்களை ஆராய்ந்தபோது, மருந்துக்குச் சாகாத கொசுக்கள் சிலவற்றின் ஓடு தடித்திருப்பதையும், அதன் மேலுள்ள மெழுகுப் பொருள் கூடியிருப்பதையும் கண்டார்கள். மருந்து உள்ளே போவது தாமதமாகிறது. தாமதமான நேரத்தில் கொசுவின் உடல் மருந்தைச் சிதைத்துவிடுகிறது.

இது ஒரு கொசு பழகிக்கொள்வதால் வருவதல்ல. இயல்பாகவே ஓடு சற்றுத் தடித்த கொசுக்கள் பிழைத்து முட்டையிடுகின்றன. மற்றவை சாகின்றன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், நாமே தடித்த ஓடுள்ள கொசுக்களைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதாகிவிடும். மருந்து வகையை மாற்றிப் பயன்படுத்தச் சொல்வதற்கு இதுவே காரணம்.

போர்ட் கிள்ளானின் பழைய பாடம்

நம் ஊர் இதில் உலகுக்கே பாடம் சொன்ன ஊர். 1901 செப்டம்பரில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் இத்துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களிலேயே மலேரியா பரவி வேலையாட்கள் விழுந்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். அப்போது கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பை வடிகட்டிக் காட்டைத் திருத்தச் சொன்னார். செய்தார்கள். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

வாட்சன் பறக்கும் கொசுவைத் துரத்தவில்லை. புழு வாழும் தண்ணீரை எடுத்துவிட்டார். ஓடு இறுகிப் பறப்பதற்கு முன்பே, பூச்சி பலவீனமாக இருக்கும் பருவத்தில் அதன் வாழ்வைத் தடுத்தார். இன்று நம் வீடுகளில் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அதே விதிதான். புகையடிப்பது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவைக் கொல்லாது. முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். ஆகவே வாரம் ஒரு முறை 10 நிமிடம் ஒதுக்கிப் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், குளிர்பெட்டியின் பின்தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். இதற்கு மருந்தும் வேண்டாம், நண்டுக்கும் தீங்கில்லை.

செய்து பாருங்கள்

தேவையானவை: சமையலில் மிஞ்சிய நண்டு ஓட்டுத் துண்டு, செத்துக் கிடந்த ஒரு வண்டின் மேற்சிறகு, வினிகர், இரண்டு கண்ணாடிக் குவளைகள்.

ஒரு குவளையில் நண்டு ஓட்டையும் மற்றதில் வண்டுச் சிறகையும் வைத்து மூழ்கும் அளவு வினிகர் ஊற்றுங்கள். முதல் சில நிமிடங்களில் எதில் குமிழி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வினிகரை ஒரு முறை மாற்றி, இரண்டு நாள் கழித்து இரண்டையும் வளைத்துப் பாருங்கள். பிறகு கையை நன்றாகச் சோப்பால் கழுவுங்கள்.

சிந்தித்து எழுதுங்கள்

1. நண்டு ஓட்டிலிருந்து வந்த குமிழி என்ன வாயு? அது ஏன் வந்தது?

2. வண்டின் சிறகு ஏன் மென்மையாகவில்லை? ஐந்து படிகளில் எது இதற்குக் காரணம்?

3. வெள்ளைக் கரப்பானை ஆக்சிஜன் இல்லாத டப்பாவில் வைத்தால் அதன் நிறம் மாறுமா? காரணம் கூறுக.

4. கறையான் இரையில் உடனே கொல்லும் மருந்தைக் கலந்தால் என்ன நடக்கும்?

வெள்ளைக் கரப்பான் கொண்டுவந்த மாணவனை மறந்துவிடவில்லை. அன்றே வகுப்பில் வாழைப்பழத் துண்டு ஒன்றை நறுக்கி வைத்து, அது நிறம் மாறுவதை எல்லாரையும் பார்க்கச் செய்தேன். பிறகு கரப்பானின் கதையைச் சொன்னேன். சிரித்தவர்களில் ஒருவன் எழுந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டான். நீங்களும் ஒரு வெள்ளைப் பூச்சியைக் கண்டால் உடனே மிதித்துவிடாதீர்கள். கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தடவை அதன் நிறத்தைக் குறித்து வையுங்கள்.